டொலருக்கு ஏன் தட்டுப்பாடு? பண நிரம்பலையும் சென்மதி நிலுவையையும் சேர்த்து வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2022 மார்ச், ஏப்ரலில் இலங்கையின் பெற்றோல் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் நின்றவர்களிடம் காரணம் கேட்டால், "நாட்டில டொலர் இல்லை" என்ற ஒரே பதில்தான் வரும். பதில் சரி. டொலர் ஏன் இல்லை என்று அடுத்துக் கேட்டால் கொரோனா, சுற்றுலா வீழ்ச்சி, வெளிநாட்டுக் கடன், எண்ணெய் விலை என்று பட்டியல் நீளும். அவையும் பொய்யல்ல. ஆனால் அத்தனையும் டொலர் பக்கத்தை மட்டும் பார்த்துச் சொன்ன பதில்கள். ஒரு குறிப்பிட்ட விலையில் டொலருக்குத் தட்டுப்பாடு என்றால், அந்த விலையில் ரூபாய் தேவைக்கு மேல் புழங்குகிறது என்றும் பொருள். அந்த ரூபாய் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் சென்மதி நிலுவை (நாட்டுக்கும் வெளிநாடுகளுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் கணக்கு) நெருக்கடி எதையும் விளங்கிக்கொள்ள முடியாது.

அந்தக் கேள்வியை நீங்களே எண்களை வைத்துக் கேட்டுப் பார்க்கும் முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். உதாரணம் இலங்கை, 2019 முதல் 2024 வரை. கோட்பாடு சொல்லும் ஒவ்வொரு கட்டமும் அங்கே பகிரங்க எண்களில் பதிவாகியிருக்கிறது.

படி 1: மத்திய வங்கியின் ஐந்தொகையில் இரண்டு வரிகளைக் கண்டுபிடியுங்கள்

ஐந்தொகை என்பது சொத்தையும் பொறுப்பையும் எதிரெதிரே காட்டும் கணக்கு. மத்திய வங்கியின் பொறுப்புப் பக்கத்தில் இருப்பது ஒதுக்குப் பணம். அதாவது மக்கள் கையிலும் வங்கிப் பெட்டகங்களிலும் உள்ள நோட்டும் சில்லறையும், வர்த்தக வங்கிகள் மத்திய வங்கியில் வைத்திருக்கும் வைப்பும். சொத்துப் பக்கத்தைச் சுருக்கினால் இரண்டே வரி: தேறிய (அதாவது பொறுப்புகளைக் கழித்த) வெளிநாட்டுச் சொத்து, தேறிய உள்நாட்டுச் சொத்து. ஆகவே,

ஒதுக்குப் பணம் = தேறிய வெளிநாட்டுச் சொத்து + தேறிய உள்நாட்டுச் சொத்து

இது கோட்பாடு அல்ல, கணக்குப்பதிவு. யாரும் மறுக்க முடியாது. இதிலிருந்து ஒரு முடிவு தானாக வருகிறது: அடிப்படை ரூபாய் பிறக்க இரண்டே வழிதான் உண்டு. மத்திய வங்கி டொலர் வாங்கினால் பிறக்கும். அரசாங்கத்தின் திறைசேரி உண்டியலை (குறுங்காலக் கடன் பத்திரத்தை) வாங்கினாலோ வங்கிகளுக்குக் கடன் கொடுத்தாலோ பிறக்கும்.

1884 முதல் 1950 வரை இலங்கையில் நாணயச் சபை முறை இருந்தது. அப்போது வெளிநாட்டுச் சொத்து கைக்கு வராமல் புதிய ரூபாய் வெளிவராது. 1950இல் மத்திய வங்கி தொடங்கியதோடு இரண்டாவது வழியும் திறந்தது. அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்து ரூபாய் உருவாக்கும் அந்த வழியைத்தான் பேச்சுவழக்கில் காசு அச்சடிப்பது என்கிறோம். அச்சு இயந்திரம் ஓட வேண்டியதில்லை. கணினியில் ஒரு வரவுப் பதிவு போதும்.

படி 2: சென்மதி நிலுவையின் கடைசி வரிக்குப் போங்கள்

சென்மதி நிலுவை அட்டவணையில் முதலில் நடைமுறைக் கணக்கு வரும்: ஏற்றுமதி, இறக்குமதி, சுற்றுலா, தொழிலாளர் அனுப்பும் பணம், வட்டி. அடுத்தது நிதியியல் கணக்கு: கடன், முதலீடு. செய்தித்தாள்கள் பெரும்பாலும் வர்த்தகப் பற்றாக்குறையோடு நின்றுவிடுகின்றன. நீங்கள் அடியில் உள்ள ஒட்டுமொத்த நிலுவைக்குப் போங்கள். நாட்டின் வெளிக்கொடுக்கல் வாங்கல் எல்லாம் முடிந்தபின் நாணய அதிகாரிகளின் கையிருப்பு தேறி எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்பதே அந்த வரி.

படி 1இல் பார்த்த தேறிய வெளிநாட்டுச் சொத்தின் மாற்றம் என்பதும் ஏறக்குறைய இதேதான். பண நிரம்பலின் (நாட்டில் புழங்கும் மொத்தப் பணத்தின்) கணக்கும் சென்மதி நிலுவையின் கணக்கும் இந்த ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இலங்கையின் ஒட்டுமொத்த நிலுவை 2019இல் சுமார் 0.4 பில்லியன் டொலர் மிகை. 2020இல் 2.3 பில்லியன் பற்றாக்குறை, 2021இல் 4 பில்லியன், 2022இல் 2.8 பில்லியன். 2023இல் திரும்பவும் 2.8 பில்லியன் மிகை.

இதில் 2020 பலரை ஏமாற்றிய ஆண்டு. சுற்றுலா வருமானம் 3.6 பில்லியன் டொலரிலிருந்து 0.7 பில்லியனுக்கு விழுந்தது உண்மை. ஆனால் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்தார்கள், எண்ணெய் மலிவாக இருந்தது, வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் 7.1 பில்லியன் டொலர் அனுப்பினார்கள். நடைமுறைக் கணக்கின் பற்றாக்குறை முந்திய ஆண்டைவிடச் சிறியது. இருந்தும் ஒட்டுமொத்த நிலுவை 2.3 பில்லியன் பள்ளத்தில் விழுந்தது. வர்த்தகத்தை மட்டும் பார்த்தவர்கள் நிலைமை கைக்குள் இருப்பதாகவே நம்பினார்கள்.

படி 3: ஒரே ஒரு கொடுக்கல் வாங்கலைக் கடைசிவரை பின்தொடருங்கள்

மொத்தத் தொகைகளில் தொலைந்துபோகாமலிருக்க ஒரு சிறிய தொகையை எடுத்துக்கொள்வோம். டொலர் 200 ரூபாய் என்று வையுங்கள்.

அரசாங்கத்துக்குச் சம்பளம் கொடுக்க 10 கோடி ரூபாய் குறைகிறது. திறைசேரி உண்டியல் ஏலத்துக்குப் போகிறது, கேட்ட வட்டிக்கு யாரும் வாங்கவில்லை. மத்திய வங்கி வாங்குகிறது. உள்நாட்டுச் சொத்து 10 கோடி கூடுகிறது, ஒதுக்குப் பணமும் 10 கோடி கூடுகிறது. சம்பளம் ஊழியர்களின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. அவர்களுடைய வங்கிகளின் மத்திய வங்கி வைப்பு 10 கோடி உயர்ந்து நிற்கிறது.

வைப்பு மிதமிஞ்சிக் கிடப்பதால் வங்கி கடன் கொடுக்க ஆள் தேடுகிறது. ஒருவர் வீட்டுக்குத் தரை ஓடு போடக் கடன் எடுக்கிறார். ஓடு விற்பவர் அடுத்த கொள்கலனை இறக்குமதி செய்ய வங்கியில் நாணயக் கடிதம் (பணம் கொடுப்பதற்கான வங்கி உத்தரவாதம்) திறக்கிறார். பால்மாவும் மருந்தும் கைபேசியும் விற்பவர்களும் கூடுதல் விற்பனையைப் பார்த்து அதையே செய்கிறார்கள். இவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து 5 இலட்சம் டொலர் தேவைப்படுகிறது. அந்த மேலதிக டொலரைச் சம்பாதித்துத் தர புதிய ஏற்றுமதி எதுவும் நடக்கவில்லை. சந்தையை விட்டுவிட்டால் டொலர் 200ஐத் தாண்டும். விலையை 200இல் பிடிக்க வேண்டுமென்றால் மத்திய வங்கி தன் கையிருப்பிலிருந்து 5 இலட்சம் டொலர் விற்க வேண்டும். விற்றால் அந்த 10 கோடி ரூபாய் மத்திய வங்கிக்கே திரும்பி வந்து மறைந்துவிடும்.

இப்போது ஐந்தொகையைப் பாருங்கள். ஒதுக்குப் பணம் பழைய இடத்திலேயே நிற்கிறது. சொத்துப் பக்கத்தில் மட்டும் 5 இலட்சம் டொலர் போய், அந்த இடத்தில் 10 கோடி ரூபாய்த் திறைசேரி உண்டியல் உட்கார்ந்திருக்கிறது. அச்சிட்ட ரூபாய் நாட்டுக்குள் தங்கவில்லை, டொலராக மாறி வெளியேறிவிட்டது.

நிலையான செலாவணி வீதம் உள்ள நாட்டில் பண நிரம்பலுக்கும் சென்மதி நிலுவைக்கும் இடையிலான உறவு முழுவதும் இந்த ஒரு சுற்றுக்குள் இருக்கிறது. டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டில் தங்கத்தை வைத்து இதற்கு நெருங்கிய விளக்கம் ஒன்றைச் சொன்னார். பன்னாட்டு நாணய நிதியத்தில் ஜாக் போலக் 1950களில் இதையே கடன் பெருக்கத்தோடு இணைத்து மாதிரியாக்கினார்.

படி 4: டொலர் விற்ற பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள்

என் பார்வையில் மிக முக்கியமான படி இது. அதிகம் தவறவிடப்படுவதும் இதுதான்.

டொலர் விற்பது தானாகவே ரூபாயை இறுக்கும். மேலே சொன்ன உதாரணத்தில் 10 கோடி ரூபாய் வங்கிகளிடமிருந்து வெளியேறிவிட்டது. அப்படியே விட்டால் வங்கிகளுக்குப் பணமுடை வரும், வங்கிகள் தங்களுக்குள் ஒரு நாள் கடனுக்குக் கொடுக்கும் ஓரிரவு வட்டி ஏறும், கடன் கொடுப்பது குறையும், இறக்குமதிக் கேள்வி தணியும். பற்றாக்குறை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்.

ஆனால் வட்டி ஏறக்கூடாது என்று முடிவெடுத்துவிட்டால்? மத்திய வங்கி மறுபடியும் திறைசேரி உண்டியல் வாங்கி அந்த 10 கோடியை நிரப்பும். நிரப்பிய பணம் மறுபடியும் டொலர் கேட்கும். மறுபடி விற்க வேண்டும், மறுபடி நிரப்ப வேண்டும். வட்டியையும் செலாவணி வீதத்தையும் ஒரே நேரத்தில் பிடித்து வைக்க நினைத்தால் கையிருப்பு தீரும்வரை இந்தச் சுற்று ஓடும்.

எனவே கையிருப்பு குறைகிறது என்ற செய்தியைப் பார்த்தவுடன், அதே காலத்தில் மத்திய வங்கியின் திறைசேரி உண்டியல் இருப்பு கூடியதா என்று தேடுங்கள். கூடியிருந்தால் விற்ற டொலரின் தாக்கம் உள்ளுக்குள் அழிக்கப்படுகிறது.

படி 5: 2020ஐ இந்தக் கண்ணாடியால் வாசியுங்கள்

2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமானது. வேறு வரிகளும் நீக்கப்பட்டன. வருமானம் சரிந்தது. 2020இல் கொள்கை வட்டிகளை (வங்கிகளின் ஓரிரவு வைப்புக்கு மத்திய வங்கி கொடுக்கும் வட்டி, ஓரிரவு கடனுக்கு வாங்கும் வட்டி) 4.5, 5.5 சதவீதத்துக்கு இறக்கினார்கள். வங்கிகள் கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய நியதி ஒதுக்கு விகிதத்தை 2 சதவீதமாக்கினார்கள். அந்த வட்டிக்குச் சந்தை வாங்க மறுத்த திறைசேரி உண்டியல்களை மத்திய வங்கி வாங்கியது.

மத்திய வங்கியிடமிருந்த திறைசேரி உண்டியல்களின் பெறுமதி 2019 இறுதியில் சுமார் 75 பில்லியன் ரூபாய். 2020 இறுதியில் சுமார் 725 பில்லியன். அதே ஆண்டில் ஒதுக்குப் பணம் எவ்வளவு கூடியது தெரியுமா? ஏறத்தாழ 3 சதவீதம்தான்.

ஒதுக்குப் பணத்தை மட்டும் பார்த்தவர்கள், அச்சடிப்பு பெரிதாக நடக்கவில்லை என்று சொல்லலாம். சொன்னார்கள். புதிதாகப் பிறந்த 650 பில்லியன் ரூபாயின் பெரும் பங்கு டொலர் விற்பனையில் திரும்பி வந்து மறைந்திருந்தது. மீதியில் கணிசமான பகுதியை வங்கிகள் மத்திய வங்கியிலேயே ஓரிரவு வைப்பாகப் போட்டு வைத்திருந்தன. நியதி ஒதுக்கைக் குறைத்திருந்ததால் வங்கிகள் அதே அடிப்படைப் பணத்தின் மேல் அதிகக் கடன் உருவாக்க முடிந்தது. வைப்புகளையும் சேர்த்துக் கணக்கிடும் விரிந்த பணம் அந்த ஒரே ஆண்டில் 23 சதவீதம் பெருகியது. பொருளாதாரமோ சுருங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பணம் உடனே டொலரைத் தேடி ஓடவில்லை. ஊரடங்கில் கடைகள் மூடியிருந்தன, கடன் கேட்க ஆளில்லை. கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது கசிவு தொடங்கியது. இறக்குமதி 2020இல் 16.1 பில்லியன் டொலர், 2021இல் 20.6 பில்லியன். வாகனத் தடை அப்போதும் நடைமுறையில்தான் இருந்தது. ஒரு பொருளைத் தடுத்தால் அதற்குப் போகவிருந்த ரூபாய் வேறு பொருளுக்குப் போகும், மொத்தக் கேள்வி குறையாது. இறக்குமதித் தடையால் சென்மதி நிலுவையைக் காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை ஒவ்வொரு நெருக்கடியிலும் திரும்பத் திரும்ப வருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பணப் பெருக்கத்துக்கும் டொலர் கசிவுக்கும் இடையில் இப்படிச் சில மாத இடைவெளி இருக்கும். நெருக்கடி வெடிக்கும்போது காரணம் மறந்துபோவதற்கு இந்த இடைவெளியே போதும்.

படி 6: கடன் திருப்பிக் கட்டியதைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள்

கடன் கட்டியதால்தான் டொலர் தீர்ந்தது என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு. மறுபாதி இது.

2021 ஜூலையில் இலங்கை ஒரு பில்லியன் டொலர் இறைமை முறியை (அரசாங்கம் வெளிநாட்டுச் சந்தையில் விற்ற கடன் பத்திரத்தை) கட்டி முடித்தது. அரசாங்கம் டொலர் சம்பாதிப்பதில்லை. மத்திய வங்கியிடம் ரூபாய் கொடுத்து டொலர் வாங்க வேண்டும், அன்றைய வீதத்தில் சுமார் 200 பில்லியன் ரூபாய். அந்த ரூபாயை வரியாகத் திரட்டியிருந்தால், அல்லது மக்களிடம் உண்மையான வட்டிக்குக் கடனாக வாங்கியிருந்தால், மக்களின் வாங்கும் சக்தி அந்த அளவு குறைந்திருக்கும். இறக்குமதி தணிந்து, கட்டிய டொலர் காலப்போக்கில் சந்தைக்குத் திரும்ப வந்திருக்கும். மத்திய வங்கி அச்சிட்டுக் கொடுத்த ரூபாயில் கட்டினால் உள்நாட்டில் யாரும் எதையும் குறைத்துக்கொள்வதில்லை, கையிருப்பு மட்டும் இறங்கும். ஆகவே கடன் தவணை வரும்போது தொகையோடு சேர்த்து அதற்கான ரூபாயின் மூலத்தையும் பாருங்கள்.

படி 7: மொத்தக் கையிருப்பை நம்பாதீர்கள், தேறியதைப் பாருங்கள்

2021 நவம்பர் இறுதியில் இலங்கையின் மொத்த அலுவல்சார் ஒதுக்கு (வெளிநாட்டு நாணயக் கையிருப்பு) 1.6 பில்லியன் டொலர். டிசம்பர் இறுதியில் 3.1 பில்லியன். ஒரே மாதத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடந்தது என்னவென்றால், சீன மக்கள் வங்கியுடனான 10 பில்லியன் யுவான் பரஸ்பர மாற்று வசதி (பின்னர் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாணயப் பரிமாற்றம்) கணக்கில் சேர்ந்தது. சொத்து கூடியது, அதே அளவு பொறுப்பும் கூடியது. தேறிய வெளிநாட்டுச் சொத்தில் மாற்றமில்லை. அந்த வரி 2021இலேயே பூச்சியத்துக்குக் கீழே, மறைப் பெறுமதிக்குப் போய்விட்டிருந்தது.

2022 மே மாதம் அப்போதைய நிதியமைச்சர் அலி சப்ரி, பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். 2019 இறுதியில் 7.6 பில்லியன் இருந்த நாடு.

படி 8: செலாவணி வீதம் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறதா, விடப்பட்டிருக்கிறதா?

அச்சிட்ட பணம் எங்கே போய்ச் சேரும் என்பதை இதுதான் முடிவு செய்கிறது. பிடித்து வைத்திருந்தால் கையிருப்பு கரையும். விட்டுவிட்டால் ரூபாய் விழும், விலைவாசி ஏறும்.

2021 செப்டம்பரிலிருந்து 2022 மார்ச் தொடக்கம்வரை டொலர் 200 முதல் 203 ரூபாய்க்குள் நிறுத்தப்பட்டிருந்தது. கையில் விற்க டொலர் இல்லாமல் விலையை மட்டும் நிறுத்தியதால் மூன்றாவது ஒரு விளைவு வந்தது. டொலர் வங்கிக்கு வருவதை நிறுத்தியது. வெளியே அதிக விலை கிடைத்தபோது வளைகுடாவில் உழைப்பவர் ஏன் வங்கி மூலம் அனுப்ப வேண்டும்? வங்கியைத் தவிர்த்து, ஹவாலா என்ற முறைசாரா வழியில் அனுப்பினார். டிசம்பரில் டொலருக்கு மேலதிக ஊக்கத்தொகை அறிவித்தும் பயனில்லை. வங்கிவழிப் பணம் 2020இன் 7.1 பில்லியனிலிருந்து 2021இல் 5.5 பில்லியனாகவும், 2022இல் 3.8 பில்லியனாகவும் விழுந்தது. நாட்டுப்பற்று குறைந்ததாக அவர்களைக் குற்றம் சொன்னது நியாயமே இல்லை.

2022 மார்ச் 7இல் பிடி தளர்ந்தது. மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபாயைத் தொட்டது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நாடு இடைநிறுத்தியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி செப்டம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். இரண்டு ஆண்டுகளாகக் கையிருப்பின் வழியாக வெளியேறிய அழுத்தம் அந்த வழி அடைபட்டதும் விலையின் வழியாக வெளியே வந்தது.

எல்லா அச்சடிப்பும் இப்படித்தான் முடியும் என்றில்லை. பொருளாதாரம் வளரும்போதும் பண்டிகைக் காலத்திலும் மக்கள் கூடுதல் ரூபாயைக் கையில் வைத்திருக்க விரும்புவார்கள். அந்த அளவுக்குப் புதிய பணம் சிக்கல் தராது. அமெரிக்கா, ஜப்பானின் நாணயத்தை உலகமே வைத்திருக்க விரும்புவதால் அவர்களின் எல்லை வேறு. அதை எடுத்துக்காட்டி இலங்கை ரூபாய்க்கு வாதாடுவது பொருந்தாது.

படி 9: எதிர்ப்பக்கத்தையும் ஒரு தடவை பாருங்கள்

2022 ஏப்ரல் 8இல், பதவியேற்ற கையோடு மத்திய வங்கி ஆளுநர் நந்தலால் வீரசிங்க கொள்கை வட்டிகளை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி உயர்த்தி 13.5, 14.5 ஆக்கினார். திறைசேரி உண்டியல் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது. தனியாருக்கான கடன் சுருங்கியது. சிறு தொழில்கள் பல நொறுங்கின. அந்த வலியைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் இறக்குமதிக் கேள்வி விழுந்தது, வங்கிவழிப் பணம் 2023இல் 6 பில்லியன் அருகே திரும்பியது, நடைமுறைக் கணக்கே மிகையானது. கடன் கட்டுவது நின்றிருந்ததும் இதற்கு உதவியது.

மிகை வந்தால் எல்லாம் தலைகீழாக ஓடும். மத்திய வங்கி டொலரை வாங்குகிறது, ரூபாய் பிறக்கிறது. 2024இல் மட்டும் தேறிய அளவில் சுமார் 2.8 பில்லியன் டொலர் வாங்கியது. ஆண்டிறுதிக் கையிருப்பு 6.1 பில்லியன். இப்படிப் பிறக்கும் ரூபாய்க்குப் பின்னால் டொலர் நிற்கிறது, ஆனால் அதிகம் பிறந்தால் அதுவும் கடனாகப் பெருகி விலையை ஏற்றும். இந்திய ரிசர்வ் வங்கி 2004இல் டொலர் வெள்ளமாக வந்தபோது சந்தை நிலைப்படுத்தல் திட்டம் என்ற பெயரில் தனிப் பத்திரங்களை விற்று அப்படிப் பிறந்த ரூபாயை உறிஞ்சி எடுத்தது.

2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் ஒப்புதல் கொடுத்த சுமார் 3 பில்லியன் டொலர் திட்டத்தின் நிபந்தனைகளை இப்போது வாசித்தால் புதிராக இருக்காது. தேறிய வெளிநாட்டு ஒதுக்குக்குக் கீழ் எல்லை, மத்திய வங்கி அரசாங்கத்துக்குக் கொடுக்கும் கடனுக்கு மேல் எல்லை. படி 1இல் பார்த்த அதே இரண்டு வரிகள். அதே ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம், திறைசேரி உண்டியல்களை ஏலத்தில் நேரடியாக வாங்குவதைத் தடை செய்தது.

படி 10: நீங்களே தொடர்ந்து கவனிக்க

மத்திய வங்கியின் இணையத்தளத்தில் வாராந்தப் பொருளாதாரக் குறிகாட்டிகள் வெளியாகின்றன. ஒரு தாளில் நான்கு நிரல் போடுங்கள்: மத்திய வங்கியிடமுள்ள அரசாங்கப் பிணையங்கள் (திறைசேரி உண்டியல் போன்ற கடன் பத்திரங்கள்), தேறிய வெளிநாட்டுச் சொத்து, ஒதுக்குப் பணம், தனியார்துறைக் கடன். மாதத்துக்கு ஒரு தடவை நிரப்பினால் போதும். ஒரு மாத ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம். சித்திரைப் புத்தாண்டுக்கும் டிசம்பருக்கும் நோட்டுக் கேள்வி கூடுவது வழக்கம். பழைய திறைசேரி உண்டியல்கள் 2023 செப்டம்பரில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வேறு பத்திரங்களாக மாற்றப்பட்டதால் முதல் நிரலை அதற்கு முந்திய எண்களோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள்.

முதல் நிரல் ஏறி இரண்டாவது இறங்கினால் 2020இன் கதை. முதல் நிரல் அசையாமலிருக்க நான்காவது வேகமாக ஏறினால் வேறு கதை: வங்கிகளே கடன் கொடுத்துப் பண நிரம்பலைப் பெருக்குகின்றன. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டபின் உற்றுப் பார்க்க வேண்டியது இந்த நான்காவது நிரல்தான். வாகனம் வாங்கும் பணம் ஏற்கெனவே சேமித்ததா, புதிதாக எடுத்த கடனா என்பதை இறக்குமதிப் பட்டியல் காட்டாது, அந்த நிரல் காட்டும்.